அச்சு எங்கே முறிய வேண்டும்?

மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்றார் வள்ளுவர். அவர் கண்ட அச்சு மாட்டுவண்டியின் அச்சு. அது தான் சுழல்வதில்லை. அதன் இரு முனைகளிலும் சில்லுகளே சுழல்கின்றன. பாரம் மேலிருந்து அழுத்துகின்றது. சில்லுகள் கீழிருந்து ஏந்துகின்றன. இடையில் அகப்பட்ட அச்சு வளைகின்றது. வளைவு எல்லை கடந்தவிடத்து முறிகின்றது. மோட்டார் வண்டியின் பின்னச்சோ இன்னொரு கடமையையும் மேற்கொண்டுள்ளது. எஞ்சினிற் பிறக்கும் வலுவைச் சில்லிற்குக் கொண்டுசென்று அதனைச் சுழற்றுவதும் அதன் வேலையே. ஈரத்துணியைப் பிழியும்போது நம் இரு கைகளும் செய்வதையே, ஒரு முனையில் எஞ்சினும் மறுமுனையில் நிலத்தைப் பற்றிக்கொண்ட சில்லும் அந்த உருக்குத் தண்டிற்குச் செய்கின்றன.

தார் இட்ட வீதியில் ஓடும் கார்களில் அச்சு முறிதல் அரிது. சேறும் பாறையும் செங்குத்தான ஏற்றமும் நிறைந்த நிலத்தில் ஓடுவதற்கென ஆக்கப்பட்ட ஜீப், லாண்ட் றோவர் முதலிய வண்டிகளிலேதான் அது அடிக்கடி நேர்கின்றது. அவ்வண்டிகளை விரும்பி வைத்திருப்போர் உலகெங்கும் உளர். நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பழைய லாண்ட் றோவர்கள் இன்றும் ஓடக் காண்கிறோம். “இன்னும் தடித்த அச்சைப் பூட்டினால் ஆயிற்று” என்பது பலரும் உடனே சொல்லும் பரிகாரம். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

முதலில் அச்சின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. வெளியிலிருந்து நாம் பின்னச்சு என்று காண்பது உண்மையில் ஒரு குழாய். அதன் நடுவே பருத்துத் தோன்றும் உருக்குக் கூட்டினை அமெரிக்க மெக்கானிக்குகள் பூசணிக்காய் என்றே அழைக்கின்றனர். எஞ்சினிலிருந்து வரும் புரப்பெல்லர் ஷாப்ட், அக்கூட்டினுள்ளே பினியன் என்னும் சிறு பற்சில்லைச் சுழற்றுகின்றது. பினியன், கிரவுண் சில்லு எனப்படும் பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. கிரவுண் சில்லோடு பிணைந்துள்ள டிபரன்ஷியல் என்னும் பற்சில்லுத் தொகுதி, வலப்புறத்திற்கும் இடப்புறத்திற்கும் வலுவைப் பங்கிடுகின்றது. அங்கிருந்து ஒவ்வொரு சில்லிற்கும் குழாயினுள்ளே மறைந்து செல்லும் தண்டுகள் இரண்டு. இவற்றை அரையச்சுகள் என்று அழைப்போம். ‘அச்சு முறிந்தது’ என்று சாரதி சொல்லும்போது பெரும்பாலும் முறிந்திருப்பது இவ்வரையச்சுகளுள் ஒன்றே.

முறிந்தால் வழியில் நிற்க நேரிடும். அவ்வளவுதானே என்று எண்ணுதல் வேண்டா. பழைய லாண்ட் றோவரின் கைப்பிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டியின் பின்னால், புரப்பெல்லர் ஷாப்ட் தொடங்கும் இடத்தில் அமைந்த உருளை ஒன்றையே அது பிடிக்கின்றது. ஷாப்ட் அசையாது நின்றால் சில்லுகளும் அசையா. ஆயின் அஃது இரண்டு அரையச்சுகளும் முழுமையாக உள்ளவரையில்தான். ஒன்று முறிந்துவிட்டால், முறிந்த பக்கத்துத் துண்டு டிபரன்ஷியலினுள் தாராளமாகச் சுற்றும். மறுபக்கத்துச் சில்லும் அதற்கெதிராகச் சுற்ற விடுதலை பெறும். பின்சில்லுகள் மட்டும் இயங்கும் நிலையில் ஏற்றத்தின் நடுவே அரையச்சு முறிந்து, சாரதி கைப்பிரேக்கை இழுத்துவிட்டு என்னவென்று பார்க்க இறங்குவாராயின், வண்டி அவரைப் பின்தொடர்ந்து பள்ளத்தை நோக்கி உருளும்.

கார் அச்சு, காட்டு வண்டியில்

இங்கிலாந்தின் றோவர் கார்த் தொழிற்சாலையில் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய மோரிஸ் வில்க்ஸ், வேல்சின் வடமேற்கே உள்ள ஆங்கிள்சீ தீவில் இருந்த தம் பண்ணையில், போர் முடிந்தபின் எஞ்சிய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதனைப் பார்த்து எழுந்த எண்ணமே லாண்ட் றோவர். 1947இல் முதல் மாதிரியை அமைத்து, 1948 ஏப்ரில் 30ஆம் தேதி அம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியிலே உலகிற்குக் காட்டினர். போருக்குப் பிந்திய அக்காலத்தில் உருக்கிற்குக் கட்டுப்பாடு இருந்தமையால் உடலை அலுமினியக் கலவையால் செய்தனர். செலவையும் காலத்தையும் சுருக்கும்பொருட்டு எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்னச்சு ஆகியவற்றைத் தங்கள் காரிலிருந்தே எடுத்துக்கொண்டனர்.

அன்றைய எஞ்சின் 1.6 லீற்றர் கொள்ளளவுடையது. அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 108 நியூற்றன் மீற்றர். அதற்கு அந்த அச்சு போதுமானதாய் இருந்தது. பத்தாண்டு சென்றபின், 1958இல் இரண்டாம் வரிசை லாண்ட் றோவர் வெளிவந்து, 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினைப் பெற்றது. முறுக்குவிசை 168 நியூற்றன் மீற்றராக உயர்ந்தது. ஒன்றரை மடங்கிற்கும் மேல். வண்டியும் நீண்டது, பாரமும் கூடியது. அரையச்சு மாத்திரம் பெரும்பாலும் பழைய இனமாகவே நின்றது. நெடும் பயணம் போவோர் மேலதிக அரையச்சொன்றை வண்டியிற் கட்டிக்கொண்டு புறப்படும் வழக்கம் இதனாலேயே உண்டாயிற்று.

இனி மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் வரிசை லாண்ட் றோவரில், முதலாம் கியர் சுழற்சியை 3.68 மடங்கு குறைக்கின்றது. ஏற்றங்களுக்கென உள்ள ‘லோ’ நிலை, மேலும் 2.35 மடங்கு குறைக்கின்றது. பினியனும் கிரவுண் சில்லும் சேர்ந்து 4.7 மடங்கு குறைக்கின்றன. மூன்றையும் பெருக்கினால் 40 மடங்கிற்குச் சற்று அதிகம். சுழற்சி எத்தனை மடங்கு குறைகின்றதோ, உராய்வில் வீணாவது போக, அத்தனை மடங்கு முறுக்குவிசை கூடும் என்பது பொறிகளின் விதி. எஞ்சினிற் புறப்பட்ட 168, அச்சுகளை அடையும்போது ஏறத்தாழ 6,700 ஆகிவிடுகின்றது. நான்கு சில்லுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றிற்கும் 1,700 அளவில் வரும்.

சில்லு இதனை ஏற்குமா என்பது நிலத்தைப் பொறுத்தது. ஒரு சில்லின் மேல் 600 கிலோகிராம் பாரமும், நல்ல உலர்ந்த பாறையின் உராய்வுக் குணகம் 0.8உம், சில்லின் ஆரை 0.38 மீற்றரும் என்று கொள்வோம். சில்லு வழுக்காமல் தாங்கக்கூடிய முறுக்குவிசை ஏறத்தாழ 1,800 நியூற்றன் மீற்றர். அதற்கு மேற்போனால் ரயர் வழுக்கிவிடும். வழுக்குதல் அரையச்சைக் காக்கும். ஆகவே சேற்றில் அச்சு முறிவது குறைவு. பிடிப்புள்ள பாறையிலேதான் முறிகின்றது. ஏற்றத்தில் ஏறும்போது முன்சில்லுகளின் பாரம் குறைந்து பின்சில்லுகளின் மேல் சாய்கின்றது. முன்சில்லுகள் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க, எஞ்சினின் வலு முழுவதும் பின்னச்சிற்கே வந்து சேருகின்றது. பின் அரையச்சுகள் முதலில் முறிவதன் காரணம் இதுவே.

இவையெல்லாம் நிதானமாக ஓட்டுகின்ற சாரதிக்குரிய கணக்கு. சில்லொன்று பள்ளத்தின்மேல் அந்தரத்தில் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கையில், திடீரெனப் பாறையில் இறங்கிப் பிடித்துவிட்டால், சுழலும் சில்லும் எஞ்சினின் பறக்குஞ்சில்லும் சேமித்துவைத்த சக்தி முழுவதும் ஒரு கணத்தில் அந்தத் தண்டின்மேல் விழும். அதற்குமுன் மேலே சொன்ன எண்கள் நிற்கமாட்டா. அச்சுகளை முறிப்பதில் எஞ்சினைக் காட்டிலும் சாரதியின் வலது பாதமே வல்லது.

ஒரு பெரு விபத்துத் தந்த பாடம்

ஒரே அடியில் முறிவது ஒரு வகை. பல நாட் பழகிய பாதையில், வழக்கமான பாரத்தோடு செல்லும்போது, யாதொரு காரணமும் தோன்றாமல் முறிவது மற்றொரு வகை. இதனை மனிதர் விளங்கிக்கொண்ட கதை துயரமானது.

1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, வெர்சாய் நகரில் அரசர் லூயி பிலிப்பிற்காக நடந்த கொண்டாட்டம் முடிந்து, பாரிசுக்குத் திரும்பிய புகையிரதம் ஒன்று மூதோன் என்னும் இடத்திலே தடம் புரண்டது. முன்னே சென்ற எஞ்சினின் அச்சு முறிந்தமையே காரணம். பின்வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பற்றிக்கொண்டன. பயணிகள் இடையில் இறங்காதிருக்கும்பொருட்டுப் பெட்டிக் கதவுகளைப் பூட்டிவைப்பது அக்கால வழக்கம். ஐம்பதிற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடலை ஆராய்ந்து புகழ்பெற்ற கடலோடி டூமோன் டூர்வில்லும், அவர்தம் மனைவியும் மகனும் அவர்களுள் அடங்குவர்.

முறிந்த அச்சுகளைப் பார்த்தோர், ஓயாத அதிர்ச்சியினால் இரும்பு உள்ளே பளிங்குபோல் மாறி நொறுங்கிவிட்டதென்று அக்காலத்திற் கூறினர். முறிந்த முகம் மினுமினுப்பாய்த் தோன்றியதே அவர்கள் கண்ட சான்று. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் றாங்கின் என்ற இளைஞர், வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ, 1843இல் வேறொரு விளக்கம் தந்தார். அச்சு தடித்த அளவிலிருந்து மெலிந்த அளவிற்குத் திடீரென இறங்கும் கூரிய மூலையிலே மயிரிழை போன்ற வெடிப்பு முதலில் தோன்றுகின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் அது சிறிது சிறிதாக உள்ளே செல்கின்றது. எஞ்சிய நடுப்பகுதி பாரம் தாங்கமாட்டாது போகும் நாளில் அச்சு முறிகின்றது என்றார். மூலையைக் கூர்மையாக விடாது வளைவாகக் கடைதல் வேண்டும் என்பதே அவர் சொன்ன பரிகாரம். செலவில்லாத பரிகாரம், இரும்பின் தரத்தை மாற்றவும் வேண்டியதில்லை.

பிரசிய நாட்டு இரயில்வேயில் பணியாற்றிய ஒகஸ்ற் வூலர் என்பவர் பின்னர் இதனைச் சோதனையால் நிறுவினார். அச்சுகளை இலட்சக்கணக்கான தடவை சுழற்றிச் சுழற்றி வளைக்கும் பொறிகளை அமைத்து, பல ஆண்டு பொறுமையோடு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான தகைப்பைவிட மிகக் குறைந்த தகைப்பும், பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும் என்று கண்டார். ஒரு குறித்த எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை வந்தாலும் இரும்பும் உருக்கும் தாங்கும் என்றும் கண்டார். 1870இல் அவர் தொகுத்து வெளியிட்ட முடிவுகள், இன்றும் பொறியியல் மாணவர் முதலாம் ஆண்டுகளிற் படிக்கின்ற பாடம். உலோகத்தின் களைப்பு என்று அதற்குப் பெயர். மனிதரைப்போல் உலோகம் ஓய்வெடுத்துத் தேறுவதில்லை என்பது மட்டும் வேறுபாடு.

அரையச்சின் மேற்பரப்பில் உளியால் பட்ட ஒரு கீறல், துரு தின்ற ஒரு குழி, கவனமற்ற கடைச்சற்காரர் விட்டுச்சென்ற ஒரு கூர்மூலை, இவை யாவும் வெர்சாய் அச்சின் மூலையையே ஒத்தன.

தடிப்பும் மெலிவும்

தண்டொன்று முறுகும்போது அதன் நடு இழை ஏறக்குறைய ஒன்றுமே உணர்வதில்லை. மையத்திலிருந்து வெளியே செல்லச் செல்லத் தகைப்புக் கூடி, மேற்பரப்பில் உச்சத்தை அடைகின்றது. இந்த ஓர் உண்மையிலிருந்து பல முடிவுகள் பிறக்கின்றன.

முதலாவது, வலிமை விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதசமன். 30 மில்லிமீற்றர்த் தண்டை 33 மில்லிமீற்றராக்கினால் தடிப்புப் பத்திலொரு பங்குதான் கூடியது. வலிமையோ மூன்றிலொரு பங்கு கூடிவிடும். தடித்த அச்சைத் தேடுவோர் பக்கத்து நியாயம் இது. இரண்டாவது, தண்டின் நடுவே அதன் விட்டத்திற் பாதியளவு துளையிட்டு உட்பகுதியை நீக்கிவிட்டால், நிறையில் கால்வாசி குறைகின்றது. முறுக்கு வலிமையில் பதினாறில் ஒரு பங்கே குறைகின்றது. இதனை நம்ப மறுக்கும் மாணவரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். கணக்கைச் செய்து பார்த்தபின்னும் சிலர் ஐயத்தோடேதான் வீடு செல்கின்றனர். மூன்றாவது, மேற்பரப்பே பெருஞ்சுமை தாங்குவதால் மேற்பரப்பை மாத்திரம் கடினமாக்கினாற் போதும். தண்டைச் சுற்றி மின்சுருளை வைத்து அதன் தோலை மட்டும் கணப்பொழுதிற் சூடேற்றி, உடனே குளிரவைக்கின்றனர். தோல் கடினமாகும், உள்ளம் இளகிய உறுதியோடு இருக்கும். முழுவதும் கடினமாக்கப்பட்ட தண்டு சோக்குக் கட்டிபோல் நொறுங்கும்.

சோக்குக் கட்டி என்றதும் ஒரு சோதனை. புதிய சோக்குக் கட்டி ஒன்றை இரு முனைகளிலும் பிடித்து மெல்ல முறுக்குங்கள். அது நேர்குறுக்காக முறியாது. திருகாணியின் புரிபோல் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து முறியும். நொறுங்குந் தன்மையுள்ள பொருள்கள் யாவும் அவ்வாறே முறியும். இளகுந் தன்மையுள்ள உருக்குத் தண்டோ, நன்றாக முறுகியபின் கத்தியால் வெட்டியதுபோல நேர்குறுக்காக முறியும். களைப்பினால் முறிந்த தண்டின் முகத்தில், கடலலை மணலில் விட்டுச்செல்லும் கோடுகள்போல வரிவரியாய் வளையங்கள் காணப்படும். முறிந்த துண்டை எறிந்துவிடாமல் எடுத்துப் பார்ப்பவருக்கு அதுவே சாட்சி சொல்லும்.

இனி நுனிகளுக்கு வருவோம். அரையச்சின் நுனியில், டிபரன்ஷியலினுள்ளே பொருந்துவதற்காக, நீளவாக்கிற் பற்கள் வெட்டப்பட்டுள்ளன. ஸ்பிளைன் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனையே. பழைய லாண்ட் றோவரில் இவை பத்து. பத்துப் பற்கள் மாத்திரம் என்றால் அவை ஆழமாக இருத்தல் வேண்டும்; ஆழமாக வெட்ட வெட்ட நடுவில் எஞ்சும் தண்டு மெலிகின்றது. பிற்காலத்தில் 24 பற்களாக மாற்றினர். பல் நுண்மையாயிற்று, ஆழம் குறைந்தது, வெளிவிட்டம் பெரிதும் மாறாமலே உள்ளே உறுதியான உருக்கு அதிகமாயிற்று.

இங்கே ஒரு விந்தை. அரையச்சின் நடுப்பகுதி தடித்தும் பற்களுள்ள நுனி மெலிந்தும் இருந்தால், முறுக்கமெல்லாம் நுனியில் ஒரு விரற்கடை நீளத்திற் குவிந்துவிடும். ஆதலின் நல்ல அச்சு செய்வோர், நடுப்பகுதியைப் பற்களின் அடிவிட்டத்தைவிடச் சற்று மெலியவே கடைந்துவிடுகின்றனர். அப்பொழுது தண்டின் முழு நீளமும் சுருள்வில்போல முறுகி, அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, மீண்டும் நிமிர்கின்றது. உருக்கைக் குறைத்ததனால் அச்சு நெடுநாள் உழைக்கின்றது! தடிப்பே வலிமை என்று எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

உருக்கின் இனமும் முக்கியம். சாதாரணக் காபன் உருக்கிற்குப் பதிலாக, இன்று பந்தய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 4340 என்னும் இலக்கமுடைய கலப்புருக்கைப் பயன்படுத்துகின்றனர். அதில் ஏறத்தாழ 0.4 வீதம் காபனும், 1.8 வீதம் நிக்கலும், 0.8 வீதம் குறோமியமும், 0.25 வீதம் மொலிப்டினமும் உள. ஆயினும் பதப்படுத்தல் பிழைத்தால் உயர்ந்த உருக்கும் பயனற்றதே. முறிந்த அரையச்சைக் கராச்சில் ஒட்டவைத்து மீண்டும் பூட்டுவோரும் உளர். ஒட்டும் சூடு பழைய பதத்தை அழித்துவிடும். ஒட்டின் ஓரத்தில் நொறுங்கும் வளையமொன்றை உண்டாக்கும். சமதரையில் வீடுவரை வரலாம். அதனை நம்பி மலையேறுதல் தகாது.

நோய் இடம் மாறுதல்

வலிய அரையச்சுகள் வந்துவிட்டன என்று கொள்வோம். அடுத்து நிகழ்வது என்ன? முன்பு முறிந்த தண்டு இப்பொழுது முறியாது. அத்தனை விசையும் டிபரன்ஷியலின் சிறு பற்சில்லுகளுக்கும் பினியனின் பற்களுக்கும் செல்கின்றது. சங்கிலியில் ஒரு வளையத்தை மாற்றினோம். மெலிந்த வளையம் வேறொன்றாகியது. பினியனின் பல்லொன்று உடைந்து, கிரவுண் சில்லின் பற்களுக்கிடையே அகப்பட்டால், பின்சில்லுகள் இரண்டும் ஓடும் வேகத்திலேயே இறுகிப் பூட்டிக்கொள்ளும். முறிந்த அரையச்சினால் வண்டி நின்றது; இறுகிய டிபரன்ஷியலினாலோ வீதியில் தலைகீழாகப் புரளலாம்.

இதிலே பெரிய ரயர்களின் பங்கும் பெரிது. அழகுக்காக உயர்ந்த ரயர் பூட்டும் இளைஞர் பலர். ரயரின் ஆரை ஐந்திலொரு பங்கு கூடினால், அதே பிடிப்பிற்கு அரையச்சு ஏற்கும் முறுக்குவிசையும் ஐந்திலொரு பங்கு கூடும். நிறை கூடிய சில்லு பாறையில் விழும்போது தரும் அடி அதற்கும் மேல். டிபரன்ஷியலைப் பூட்டிவைக்கும் சாதனமும் அத்தகையது. சாதாரண டிபரன்ஷியல் இரு பக்கத்திற்கும் சம முறுக்குவிசையே தருவது. ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால் மற்றச் சில்லிற்கும் அற்பமே கிடைக்கும். பூட்டைப் போட்டபின், பிடிப்புள்ள ஒற்றைச் சில்லிற்கே முழுவதும் போகும். வண்டி சேற்றிலிருந்து வெளிவரும். ஆனால் இருவர் சுமந்ததை இனி ஒரு தண்டே சுமக்கும்.

முன்னச்சின் தொல்லை வேறு. முன்சில்லு திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும். பழைய லாண்ட் றோவர்களிற் பெரும்பாலானவற்றில் இதற்கு ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் பெயரால் வழங்கும் சிலுவை மூட்டே இருந்தது. மூட்டு 30 பாகை மடிந்திருக்கையில், உள்ளே சீராகச் சுழன்றாலும் வெளியே வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 0.87 மடங்கிற்கும் 1.15 மடங்கிற்கும் இடையே ஊசலாடும். சக்கரத்தை முற்றாகத் திருப்பிவைத்துக்கொண்டு எஞ்சினை முடுக்குவோர் இம்மூட்டை உடைப்பர். ஆறு குண்டுகள் தவாளிப்புகளில் ஓடும் றெசப்பா மூட்டு பின்னர் வந்து ஊசலாட்டத்தை ஒழித்தது. அதனைக் கண்ட அல்பிரட் றெசப்பா, அமெரிக்காவின் போர்ட் தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர்.

அமெரிக்கர் இத்துறையில் எல்லையின்றிச் சென்றுவிட்டனர். அங்கே டேனா 30, 44, 60 என்று இலக்கமிட்ட அச்சுகள் உள. இலக்கம் ஏற ஏற உருவும் பருக்கும். 2003இல் ஜீப் றுபிக்கன் என்னும் வண்டி, முன்னும் பின்னும் 44ஆம் இலக்க அச்சுகளோடும் பூட்டும் டிபரன்ஷியல்களோடும் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. கலிபோர்னியாவின் ஜோன்சன் பள்ளத்தாக்கில் 2007 முதல் நடந்துவரும் பாறைப் பந்தயத்திற்குச் செல்வோர் அதனினும் பெரிய அச்சுகளைப் பூட்டுவர். விலையைத் தவிரவும் அதற்கு ஒரு விலை உண்டு. பருத்த ‘பூசணிக்காய்’ நிலத்திற்கு அண்மையில் தொங்கிப் பாறையில் இடிக்கும். சுருள்வில்லுக்குக் கீழேயுள்ள நிறை கூடுவதால் வண்டி குதித்துக் குதித்து ஓடும். லாண்ட் றோவர் நிறுவனமும் 1970களில் நீண்ட வண்டிகளுக்கு, டேனா 60இன் வழியில் அமைந்த சோல்ஸ்பெரி அச்சைப் பூட்டியது. அரையச்சு முறிதல் வெகுவாகக் குறைந்தது. அச்சின் நிறையும் கூடியது.

இவற்றுள் என் மனத்திற்கு மிக உகந்த தீர்வு ஜேர்மனியர் கண்டது. போர் முடிந்தபின் வேளாண்மைக்கென அமைக்கப்பட்ட ஊனிமொக் வண்டியில், சுழற்சியைக் குறைக்கும் கடைசிப் பற்சில்லுகளைச் சில்லின் அருகிலேயே வைத்தனர். முறுக்குவிசை பெருகுவது அரையச்சைக் கடந்தபின்னர்தான். ஆகையால் மெலிந்த அரையச்சே போதுமாயிற்று. அச்சுக் குழாயும் சில்லின் மையத்திற்கு மேலே உயர்ந்து பாறைக்குத் தப்பியது. அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீயும் இம்முறையையே பின்பற்றுகின்றது. அதன் சில்லுப் பற்சில்லுகள் 1.92 மடங்கு குறைப்பன. சுமப்பவனைப் பருக்கவைக்காமல் சுமையைக் குறைத்த வழி இது. பற்சில்லும் எண்ணெய்த் தடுப்பும் நான்கு மடங்காவதால் செலவும் பராமரிப்பும் மிகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முறியத்தக்க இடம்

வீட்டு மின்னோட்டத்தில் பியூஸ் கம்பி வைப்பது ஏன்? எரிய வேண்டியது நேரின், மாற்ற எளிதான ஒன்று முதலில் எரியட்டும் என்றே. அனுபவமுள்ள வண்டி கட்டுவோர் அச்சிலும் அவ்வாறே எண்ணுகின்றனர். டிபரன்ஷியலை உறுதியாக்கி, அரையச்சையும் உறுதியாக்கி, சில்லின் நடுவே வெளியில் பூட்டப்படும் இணைப்புத் தட்டை மாத்திரம் ஒரு படி மெலிந்ததாக விடுவோர் உளர். அது முறிந்தால் ஒரு ஸ்பனரோடு சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவைத்து வீட்டை எரித்தோர் கதையைத் தலைகீழாக அறிந்தவர்கள் அவர்கள்.

சில்லு எதன்மேல் நிற்கின்றது என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. சில கார்களில் அரையச்சே வண்டியின் பாரத்தையும் தாங்குகின்றது. அது முறிந்தால் சில்லு கழன்று ஓடிவிடும். இரண்டாம், மூன்றாம் வரிசை லாண்ட் றோவர்களில் பாரத்தைத் தாங்குவது குழாயின் முனையிலுள்ள பெயாரிங்குகளே. அரையச்சிற்கு முறுகுதலைத் தவிர வேறு வேலையில்லை. முறிந்தாலும் சில்லு தன்னிடத்தில் நிற்கும். இதனால் காட்டு நடுவே அகப்பட்டவர் வீடு சேர வழியுண்டு.

முதலில் நான்கு சில்லுகளுக்கும் இரண்டிரண்டு கற்கள் வைத்தல் வேண்டும். கைப்பிரேக்கைப் பற்றி முன்னரே சொன்னோம். பின்பு சில்லின் நடுவேயுள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, முறிந்த அரையச்சின் வெளித்துண்டை இழுத்தெடுக்கலாம். சில்லைக் கழற்றத் தேவையில்லை. உள்ளே டிபரன்ஷியலில் அகப்பட்ட சிறு துண்டை விட்டுவைத்தல் ஆகாது. அது பற்களுக்கிடையே விழக்கூடும். மறுபக்கத்து அரையச்சையும் இழுத்துவிட்டு, அப்பக்கத்திலிருந்து நீண்ட கம்பி ஒன்றைச் செலுத்தித் தள்ளினால் அத்துண்டு வெளிவரும். முறியாத அரையச்சை எடுத்தபோதே அதன் பற்களையும் பார்த்துவிடலாம். அவை நேர்கோடாக இல்லாது திருகிச் சாய்ந்திருந்தால் அதற்கும் காலம் நெருங்கிவிட்டது.

புதிய அரையச்சு கையிலிருந்தால் பூட்டிக்கொண்டு புறப்படலாம். இல்லையெனில் இரண்டையும் வண்டிக்குள் போட்டுவிட்டு, நான்கு சில்லு இயக்கத்தைப் பூட்டினால் முன்சில்லுகள் இரண்டுமே வண்டியை இழுத்துச் செல்லும். கைப்பிரேக்கும் அவ்வியக்கம் பூட்டியிருக்கும்வரை முன்சில்லுகளின் வழியாகப் பிடிக்கும். வழியில் நிறுத்தும்போது அதனை விடுவித்தல் கூடாது. வெறுமையான குழாய் முனைகளை மட்டும் இணைப்புத் தட்டுகளாலோ, அவை இல்லாதவிடத்துத் துணி சுற்றிய தகரத்தாலோ மூடிக் கட்டிவிட வேண்டும். இல்லாவிடில் டிபரன்ஷியலின் எண்ணெய் வழிந்துபோகும்; வழியிலுள்ள மணல் அந்த இடத்தில் புகும்.